வெள்ளிக்கெண்டை கொழுக்கிறது, கட்லா இளைக்கிறது: குளத்தில் யார் பங்கை யார் எடுக்கிறார்கள்?

மடைவாய்:

எல்லோருக்கும் வணக்கம். கூட்டுமீன் வளர்ப்பில் ஒரு சிக்கல்.

மண்குளம், 50 சென்ட், நீர்ப்பரப்பு ஏறத்தாழ 2000 சதுர மீட்டர். ஆழம் 1.5 முதல் 1.8 மீட்டர். காயப்போட்டு, சுண்ணாம்பு இட்டு, அடியுரமாக 400 கிலோ மாட்டுச்சாணம் போட்டு நீர் நிரப்பியது. பிறகு மூன்று முறை 100 கிலோ வீதம் சாணம். அதற்கப்புறம் உரம் எதுவும் இல்லை. இருப்பு விட்டது கட்லா 800, ரோகு 600, மிர்கால் 600. குஞ்சு விற்றவர் "வெள்ளிக்கெண்டை பாசியைத் தின்கிற மீன், கட்லாவுக்கு இடைஞ்சல் இல்லை" என்று சொன்னதால் கூடவே வெள்ளிக்கெண்டை 500. தீவனம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி, நாளுக்கு 8 கிலோ, ஒரே மூலையில்.

ஏழு மாதம் முடிந்து வலை போட்டு எடுத்த சராசரி எடை: வெள்ளிக்கெண்டை 700 கிராம், ரோகு 350, மிர்கால் 240, கட்லா 220. கட்லாதான் எல்லாவற்றையும் விட வேகமாக வளரும் என்பார்கள். இங்கே அதுதான் கடைசி. தலை பெரிதாகவும் உடம்பு சூம்பியும் இருக்கிறது. நோய் அறிகுறி இல்லை. தண்ணீர் தெளிவு, வெள்ளைத்தட்டை இறக்கினால் 45 செ.மீ வரை தெரிகிறது.

கட்லா மேல்மட்டம், ரோகு நடுமட்டம், மிர்கால் அடிமட்டம், அதனால் சண்டை வராது என்பதுதானே பாடம்? அது எங்கே தவறியது? மீதி ஐந்து மாதத்தில் சரி செய்ய வழி உண்டா?

கெண்டைக்குளம்:

முதலில் உங்கள் எண்களையே கூட்டிப் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்திருந்தால் வெள்ளிக்கெண்டை 450, அதாவது 315 கிலோ. ரோகு 189, கட்லா 158, மிர்கால் 130. மொத்தம் 790 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஹெக்டேருக்கு மாற்றினால் 4 டன்னுக்குப் பக்கம். ஏழு மாதத்தில், இவ்வளவு குறைந்த உரத்தில், இது மோசமான விளைச்சலே இல்லை. குளம் தன்னால் முடிந்ததைக் கொடுத்துவிட்டது, பங்கு பிரிந்த விதத்தில்தான் கோளாறு. எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்காக உள்ள வெள்ளிக்கெண்டை எடையில் ஐந்தில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டுவிட்டது.

மட்டம் என்று சொல்லிக் கொடுப்பது நினைவில் வைக்க உதவும், ஆனால் அது பாதி உண்மைதான். ஒன்றரை மீட்டர் குளத்தில் மாடி வீடு மாதிரி தளங்கள் கிடையாது. பிரிவினை நடப்பது வாயிலும் செவுளிலும் குடலிலும். செத்த மீன் கிடைத்தால் தூக்கி எறியாமல் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். கட்லாவின் செவுள் வளைவில் நெருக்கமான சீப்பு மாதிரி முட்கள் தனித்தனியாக நிற்கும். கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிற தண்ணீர்ப்பூச்சி, அதைவிடச் சிறிய சக்கர உயிரிகள், இந்த அளவு இரையை அந்தச் சீப்பு பிடிக்கும். வெள்ளிக்கெண்டையைத் திறந்தால் சீப்பே இருக்காது. முட்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சு போன்ற தகடாகியிருக்கும். ஏறத்தாழ 10 மைக்ரான் அளவு நுண்பாசியைக்கூட அது வடிகட்டிவிடும். சின்னதைப் பிடிக்கிற வடிகட்டியில் பெரியதும் மாட்டும் அல்லவா? சக்கர உயிரிகளும் அதற்குள்ளேயே போய்விடும்.

அதனால் கட்லாவுக்கு அடி இரண்டு பக்கமிருந்தும் விழுகிறது. அது தின்ன வேண்டிய விலங்கு மிதவைகளில், அதாவது நான் சொன்ன தண்ணீர்ப்பூச்சி, சக்கர உயிரிகளில், ஒரு பகுதியை வெள்ளிக்கெண்டை நேரடியாகத் தின்கிறது. மீதமுள்ள விலங்கு மிதவைகளுக்குச் சாப்பாடாக இருந்த தாவர மிதவையையும், அதாவது மிதக்கும் நுண்பாசியையும், அதுவே காலி செய்கிறது. "பாசியைத் தின்கிற மீன்" என்று குஞ்சு விற்றவர் சொன்னது சரிதான். அந்தப் பாசியை நம்பித்தான் கட்லாவின் இரை வாழ்கிறது என்பதைச் சொல்லவில்லை. தெளிவு 45 செ.மீ என்பதும் இதே கதைதான். வளர்ப்புக் குளத்தில் 30 முதல் 40 செ.மீ இருந்தால் நல்லது. 20-க்குக் கீழே போனால் பாசி மிஞ்சிவிட்டது, விடியற்காலையில் ஆக்சிஜன் விழும். உங்கள் தண்ணீர் சுத்தமாகத் தெரிவதற்குக் காரணம் அதில் சாப்பாடு குறைந்திருப்பது.

ரோகு ஓரளவு தாக்குப்பிடித்ததற்கும் காரணம் உண்டு. அதன் கீழுதட்டில் ஜாலர் வைத்த மாதிரி ஓரம் இருக்கும். கல், குச்சி, தண்டு, கரையோரப் புல் இவற்றில் ஒட்டிப் படர்ந்த பாசியை அதால் சுரண்ட முடியும். தண்ணீரில் மிதக்கிற பாசி குறைந்தாலும் ஒட்டுப்பாசி கொஞ்சம் இருக்கும், அதை வெள்ளிக்கெண்டையால் தொட முடியாது. மிர்காலுக்கு வாய் கீழ்நோக்கியது, அடியில் மட்கிய பொருளைத் தின்னும். நாலு மாதமாகச் சாணம் இல்லாத குளத்தில் அடியில் மட்க என்ன இருக்கிறது? ஆகவே மிர்கால் பின்தங்கியது வேறு காரணத்தால், வெள்ளிக்கெண்டையின் மேல் அந்தப் பழியைப் போட வேண்டாம்.

கடைசியாகத் தீவனம். 8 கிலோ என்பது இப்போதைய மொத்த மீன் எடையில் 1 சதவீதம். அதையும் ஒரே மூலையில் போட்டால் நான்கு இனமும் ஒரே தட்டில் முட்டும். இயற்கை இரையில் பிரிந்து நிற்கிற மீன்கள் தீவன மூட்டைக்கு முன்னால் ஒரே இனம் மாதிரி ஆகிவிடும், அங்கே பெரியது வெல்லும்.

நீரோட்டம்:

கெண்டைக்குளம் சொன்னதோடு கொஞ்சம் பின்னணியும் சேர்க்கிறேன், ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்தால் விகிதத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

ரஷ்ய உயிரியலாளர் காஸ் 1930-களில் வெளியிட்ட பரிசோதனைகள் பள்ளிப் பாடத்திலேயே வரும். பரமீசியம் என்ற ஒருசெல் உயிரியின் இனங்களில் இரண்டை, அவுரேலியாவையும் காடேட்டத்தையும், ஒரே குழாயில் ஒரே பாக்டீரியாவைத் தீனியாகக் கொடுத்து விட்டார். காடேட்டம் அற்றுப்போனது. இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அடுத்த பரிசோதனைதான் நமக்கு வேண்டியது. காடேட்டத்தோடு பர்சேரியா என்ற இன்னொரு இனத்தை விட்டபோது இரண்டும் பிழைத்தன. ஒன்று மேலே மிதந்த பாக்டீரியாவைத் தின்றது, பர்சேரியா அடியில் படிந்த ஈஸ்டைத் தின்றது. அடியில் ஆக்சிஜன் குறைவு, ஆனால் பர்சேரியாவின் உடலுக்குள் குடியிருக்கும் பாசி அதற்கு ஆக்சிஜன் கொடுக்கும். கவனிக்க வேண்டியது: சேர்ந்து வாழ்ந்தபோது இரண்டின் எண்ணிக்கையும், தனியாக வளர்ந்தபோது இருந்ததைவிடக் குறைவு. கூட்டுமீன் வளர்ப்பும் அப்படித்தான். குளத்தில் கட்லாவை மட்டும் குறைவாக விட்டால் ஒவ்வொரு மீனும் பெரிதாக வரும், ஆனால் அடியில் இருப்பதும் ஒட்டிக்கிடப்பதும் வீணாகிவிடும்.

வெள்ளிக்கெண்டைக்கும் கட்லாவுக்கும் நடந்த போட்டியைப் பெரிய அளவில் காட்டியது இமாச்சலப் பிரதேசத்தின் கோவிந்த் சாகர், பக்ரா அணையின் நீர்த்தேக்கம். 1971-இல் வெள்ளிக்கெண்டை தவறுதலாக அதில் நுழைந்தது. பின்னாளில் பிடிப்பில் அதுவே பெரும்பங்கு ஆனது, அதற்குமுன் நன்றாகக் கிடைத்த கட்லா சரிந்தது. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பிலேயே இப்படி என்றால் 50 சென்ட்டில் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் குஞ்சாக இருக்கும்போது பங்கு பிரித்துக்கொள்வதே இல்லை. முட்டையிலிருந்து வந்து மஞ்சள்கரு தீர்ந்த நாளிலிருந்து மூன்றுக்கும் ஒரே சாப்பாடு, சின்ன விலங்கு மிதவைகள். உதட்டு ஜாலர், நீண்ட குடல், கீழ்நோக்கிய வாய் எல்லாம் வளர வளரத்தான் வேலைக்கு வரும். அதனால்தான் நாற்றங்கால் குளத்தில் ஒரு தொட்டிக்கு ஓர் இனம் என்று தனித்தனியாக வளர்க்கிறார்கள். 2, 3 செ.மீ குஞ்சை நேராகப் பெரிய குளத்தில் கலந்துவிட்டால் முதல் இரண்டு மாதம் எல்லாமே ஒன்றுக்கொன்று போட்டிதான். விகிதம் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. குறைந்தது 10 செ.மீ வளர்ந்த குஞ்சு, அதாவது விரலி, விட வேண்டும்.

விகிதம் என்று ஒன்றைப் பேச முடிவதே இந்தியாவில் 1957-க்குப் பிறகுதான். அதற்கு முன் ஆற்றில் அள்ளிய குஞ்சில் எது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி கட்டக்கில் ஹீராலால் சௌதுரியும் அலிக்குஞ்ஞியும் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். தனி இனக் குஞ்சு கிடைக்க வழி பிறந்தது அங்கேதான். ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் நாளாக இருப்பதும் அதனால்தான்.

மடைவாய்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கட்லா, வெள்ளிக்கெண்டை இரண்டின் செவுளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், சொன்னது அப்படியே இருக்கிறது.

மூன்று கேள்வி. வெள்ளிக்கெண்டை முழுவதையும் எடுத்துவிடலாமா, கொஞ்சம் விட்டு வைக்கலாமா? உரத்தைத் திரும்ப எப்படித் தொடங்குவது? அடுத்த வருடத்துக்குப் புல்கெண்டை, சாதாக்கெண்டை சேர்க்கச் சொல்கிறார்கள், சேர்த்தால் அதுவும் இதே மாதிரி யாருடைய பங்கிலாவது கை வைக்குமா?

கெண்டைக்குளம்:

450-இல் 350 எடுத்துவிடுங்கள், 100 இருக்கட்டும். முழுக்க எடுத்தால் உரம் போடும்போது நுண்பாசி மிஞ்சிப்போய்த் தண்ணீர் பச்சைப் பெயின்ட் மாதிரி ஆகலாம். கொஞ்சம் இருந்தால் அதை மட்டுப்படுத்தும்.

எடுக்கும் முறை: முதல் நாள் தீவனம் நிறுத்துங்கள். விடிந்ததும் இழுவலை, எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும். வெள்ளிக்கெண்டை துள்ளும். மிதவைக் கயிறு தண்ணீரோடு கிடந்தால் பாதி தாண்டிப் போய்விடும், அதனால் வலை சுருங்கியதும் ஆட்கள் மேல்கயிற்றை இரண்டு மூன்று அடி தூக்கிப் பிடிக்க வேண்டும். அதன் செதில் எளிதில் உதிரும், கையில் பட்டதைத் திரும்ப விட்டால் புண்ணாகிச் சாகும். ஆகவே வலைக்குள் வந்த வெள்ளிக்கெண்டையை எடுத்துவிடுங்கள், மற்றவற்றைக் கையில் தூக்காமல் வலையைச் சாய்த்து வெளியே விடுங்கள். ஒரே நாளில் 350 வேண்டாம். 200, பிறகு பத்துப் பதினைந்து நாள் கழித்து 150. சதை சீக்கிரம் இளகிவிடும் மீன், பிடித்தவுடன் எடைக்கு எடை ஐஸ் போட்டு அன்றே விற்க வேண்டும்.

வலை இழுத்து மூன்று நாள் கழித்து உரம். 10 கிலோ கடலைப் புண்ணாக்கு, 20 கிலோ பச்சைச் சாணம், 2 கிலோ சூப்பர் பாஸ்பேட். மூன்றையும் ஒரு டிரம்மில் தண்ணீர் விட்டு இரண்டு நாள் ஊறவைத்துக் கரைத்து, வெயில் ஏறியபின் குளம் முழுக்கத் தெளிக்க வேண்டும். பத்து நாளுக்கு ஒரு முறை. இந்த ஊறல் கட்லாவுக்கானது. புண்ணாக்கும் சாணமும் ஊறும்போது பாக்டீரியா பெருகும், அதைத் தின்று விலங்கு மிதவை பெருகும். யூரியாவை மட்டும் போட்டால் பச்சைதான் ஏறும், அது மறுபடி வெள்ளிக்கெண்டைக்கே போகும். மிர்காலுக்குப் பதினைந்து நாளுக்கு 100 கிலோ சாணம், ஒரே இடத்தில் குவிக்காமல் நாலைந்து இடமாக. குவித்தால் அடியில் அழுகி வாயு கிளம்பும்.

உரம் போடுகிற நாட்களில் விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்குக் கரையில் நின்று பாருங்கள். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் மேலே வந்து வாய் பிளப்பது கட்லாவும் வெள்ளிக்கெண்டையும்தான். மிர்கால் கொஞ்சம் தாங்கும். அப்படிப் பார்த்தால் அன்று உரமும் தீவனமும் இல்லை, மோட்டாரைப் போட்டுக் குளத்து நீரையே தகரத்தின் மேல் விழுந்து சிதறும்படி விடுங்கள். மூட்டம் போட்ட நாட்களிலும் உரம் வேண்டாம்.

350 எடுத்தபின் குளத்தில் மீன் 550 கிலோ அளவுக்கு இருக்கும். 2 சதவீதம் என்றால் 11 கிலோ தீவனம். அதை மூன்றாகப் பிரியுங்கள். துளையிட்ட சாக்கில் கட்டிக் கம்பில் தொங்கவிடும்போது இரண்டு சாக்கு தண்ணீர் மட்டத்துக்கு ஓர் அடி கீழே, இரண்டு சாக்கு நடு ஆழத்தில், மீதியைக் கெட்டியாகப் பிசைந்து உருண்டையாக்கித் தட்டில் வைத்து அடியில் இறக்குவது. ஒவ்வொன்றும் குளத்தின் வேறு வேறு பக்கத்தில். ஒரே தட்டில் முட்டுவது குறையும்.

ரோகுக்கு ஒரு செலவில்லாத உதவி: காய்ந்த மூங்கில் கிளைகளைக் கரையோரம் செருகி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வழவழவென்று ஒட்டுப்பாசி படரும். வலை இழுக்கும் பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

புல்கெண்டைக்கும் சாதாக்கெண்டைக்கும் நீரோட்டம் எழுதினால் நன்றாக இருக்கும்.

நீரோட்டம்:

புல்கெண்டை யார் பங்கிலும் கை வைக்காது, ஒரு நிபந்தனையோடு: தினமும் புல் கிடைக்க வேண்டும். தொண்டைக்குள் இருக்கும் பற்களால் புல்லை அரைத்துத் தின்னும், ஆனால் தின்றதில் பெரும்பகுதி சரியாகச் செரிக்காமல் வெளியே வரும். அந்தக் கழிவு மிர்காலுக்கும் சாதாக்கெண்டைக்கும் நேரடி உணவு, மிச்சம் உரம். சாண வண்டி ஒன்று குளத்துக்குள்ளேயே நீந்துகிற மாதிரி. 1 கிலோ மீனுக்கு 30 முதல் 40 கிலோ பச்சைப்புல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பு நேப்பியர், வேலம்பாசி, அசோலா எல்லாம் தின்னும். நாலு மூங்கிலைச் சதுரமாகக் கட்டி மிதக்கவிட்டு அதற்குள் போட்டால் புல் கரையெங்கும் சிதறாது, காலையில் எவ்வளவு மிஞ்சியது என்பதும் தெரியும். புல் போடாமல் விட்டால் அது தவிட்டு மூட்டைக்கு வரும், அங்கே ரோகுவைத் தள்ளிவிடும். ஆகவே புல் வளர்க்க இடம் இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

சாதாக்கெண்டை வேறு ரகம். அது மிர்காலோடு நேரடியாக மோதும், இரண்டும் அடியில்தான் மேயும். ஆனால் மேய்கிற விதம் ஒன்றல்ல. மிர்கால் மேலாக மட்கியதை எடுக்கும். சாதாக்கெண்டை வாயை நீட்டிச் சேற்றைக் குடைந்து புழு, பூச்சிகளைத் தேடும். குறைவாக இருக்கும்போது இந்தக் குடைச்சல் நன்மை. சேற்றில் அடைபட்ட சத்து மேலே வந்து பாசிக்குக் கிடைக்கும், ரோகுவும் கட்லாவும் பலன் பெறும். அதிகமானால் தண்ணீர் செம்மண் கரைசலாகி வெளிச்சம் இறங்காது, பாசி செத்து, மேலே உள்ளவை பட்டினி கிடக்கும். கரையையும் அரிக்கும். குளத்திலேயே இனப்பெருக்கம் செய்துவிடும் என்பது அடுத்த தொல்லை. முட்டை நீர்ச்செடிகளில் ஒட்டும் வகை, அதனால் செடி இல்லாமல் பார்த்துக்கொண்டால் பெருக்கம் குறையும். இது நம் ஊர் மீன் அல்ல. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு ஒரு வகையும், 1957-இல் பாங்காக்கிலிருந்து கட்டக்குக்கு இன்னொரு வகையும் வந்தன. சமவெளிக் குளங்களுக்கு ஏற்றது இரண்டாவது.

உங்கள் 50 சென்ட்டுக்கு அடுத்த ஆண்டு மொத்தம் 2000 போதும். கட்லா 600, வெள்ளிக்கெண்டை 200, ரோகு 600, மிர்கால் 400, புல்கெண்டை 100, சாதாக்கெண்டை 100. இந்த ஆண்டு 2500-இல் 1300 மீன் மிதவையை நம்பியவை, பாதிக்கும் மேல். இந்தக் கணக்கில் அது 800. கட்லாவையும் மற்றவற்றையும் முதலில் விட்டு, வெள்ளிக்கெண்டையை ஒன்றரை மாதம் கழித்துச் சிறிய அளவில் விடுங்கள். முந்திக்கொண்டவனுக்குத்தான் சாதகம், அந்தச் சாதகம் கட்லாவுக்குப் போகட்டும்.

இதையும் வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கத்துப் பெருங்குளங்களில் ரோகுதான் பெரும்பங்கு, கூடவே கொஞ்சம் கட்லா, மிர்கால் அநேகமாக இல்லை. அங்கே மீன் வளர்வது சாக்குத் தீவனத்தில், சந்தை கேட்பதும் ரோகு. தீவனத்தை வெளியிலிருந்து கொட்டுகிற குளத்தில் பங்கு பிரிக்க வேண்டிய தேவையே குறைகிறது, அதற்கான பணமும் வெளியிலிருந்தே வருகிறது. சாணத்தையும் வெயிலையும் நம்பும் குளத்துக்குத்தான் ஆறு வாய்க் கணக்கு. அடியில் பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டைக்கு அதுவும் பொருந்தாது. சேறு இல்லாத இடத்தில் மிர்காலையும் சாதாக்கெண்டையையும் நாலில் ஒரு பங்கு விட்டால் ஏமாற்றம்தான். விரிப்பின் மேல் ஓர் அடி மண் போட்டிருந்தால் ஓரளவு தேறும்.

ஏரிக்கரை:

எல்லாம் சரி, ஜிலேபியை யாரும் சொல்லவில்லையே. 1952-இல் திலேப்பியா இந்தியாவுக்கு வந்ததிலிருந்து இந்தப் பங்குக் கணக்கை அதிகம் குலைத்தது அதுதான். மிதவை, ஒட்டுப்பாசி, மட்கு, தவிடு, மற்ற மீனின் குஞ்சு எதையும் விடாது. இரண்டு மூன்று மாதத்திலேயே, கையளவு வருமுன்பே, வாய்க்குள் முட்டையை வைத்து அடைகாத்துப் பெருக ஆரம்பித்துவிடும். மாதாந்திர வலையில் விரல் நீள ஜிலேபி நிறைய விழுந்தால் கட்லா இளைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். மடைவாய், உங்கள் வலையில் விழுந்ததா என்று பாருங்கள்.

வாய்க்கால் தண்ணீர் விடுகிறவர்கள் குழாய் வாயில் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகப் பை மாதிரி கட்டி, தினமும் அலச வேண்டும். அறுவடைக்குப் பின் குளத்தை வெடிப்பு விடும்வரை காயப்போடுவதுதான் சிறந்த வைத்தியம். முழுதும் வற்றாத குளத்துக்கு இலுப்பைப் புண்ணாக்கு, ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு 250 கிராம். 2000 சதுர மீட்டரில் 10 செ.மீ தண்ணீர் நின்றால் 200 கன மீட்டர், 50 கிலோ. ஊறவைத்துச் சீராகத் தெளித்தால் ஜிலேபி, விரால், கெளுத்தி எல்லாம் மேலே வந்துவிடும். விஷம் முறிய மூன்று வாரம், அதற்கு முன் குஞ்சு விடக் கூடாது. பிறகு அதுவே உரம்.

இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் கழிவு மடைக்கும் தாழ்ந்த கரைக்கும் வலை கட்டுங்கள். வெள்ளிக்கெண்டையும் புல்கெண்டையும் ஏரிக்கோ ஆற்றுக்கோ போகக் கூடாது. சொல்லப்போனால் கட்லாவும் ரோகுவும் மிர்காலும்கூடக் காவிரிக்கு வந்தேறிகள், கங்கைப் பக்கத்து மீன்கள். காவிரிக்கென்று கருமுழிக்கெண்டை, சேல்கெண்டை என்று சொந்தக் கெண்டைகள் உண்டு. அவை தங்களுக்குள் பிரித்துக்கொண்டிருந்த ஆற்றில் இன்னும் நாலு வாயைக் கொண்டுபோய் விட வேண்டாம்.

மடைவாய்:

ஜிலேபி பத்துப் பன்னிரண்டு விழுந்தன, எல்லாம் சின்னது, எடுத்துவிட்டேன். முதல் வலையில் வெள்ளிக்கெண்டை 210 போயிற்று. இரண்டு ஊறல் உரம் ஆகிவிட்டது. தெளிவு இப்போது 36 செ.மீ. நுண்ணுயிர் மிதவைகளை வடிகட்டி அளக்கும் மிதவை வலை ஒன்று வாங்கியிருக்கிறேன். எப்படி அளப்பது, எவ்வளவு இருந்தால் கட்லாவுக்குப் போதும்?

கெண்டைக்குளம்:

காலை எட்டு மணிக்குள், கரையிலிருந்து தள்ளி, ஐந்து இடங்களில் பத்துப் பத்து லிட்டராக மொத்தம் 50 லிட்டர் தண்ணீரை வலையில் ஊற்றுங்கள். அடியிலுள்ள குழாயில் சேர்ந்ததோடு ஒரு சிட்டிகை உப்புப் போட்டு இருபது நிமிடம் அசையாமல் வையுங்கள். படிந்தது 1 மில்லி முதல் 1.5 மில்லி வரை இருந்தால் போதும். அளவோடு நிறத்தையும் பாருங்கள். படிவு பழுப்பாக, வெளிறி இருந்தால் விலங்கு மிதவை, அது கட்லாவின் சாப்பாடு. பச்சையாக இருந்தால் தாவர மிதவை அதிகம். உப்புப் போடுமுன் குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் துள்ளித் துள்ளி நகரும் புள்ளிகள் தெரியும், அவைதான் தண்ணீர்ப்பூச்சிகள்.

1 மில்லிக்குக் குறைவாகவும் பச்சையாகவும் இருந்தால் இரண்டாவது வலையைத் தள்ளிப்போடாமல் மீதி 140 வெள்ளிக்கெண்டையையும் இந்த வாரமே எடுங்கள், ஊறல் அதே அளவில் தொடரட்டும். 1.5-க்கு மேல் போனால் ஊறலைப் பதினைந்து நாளுக்கு ஒன்றாக்குங்கள். தெளிவு 25-க்குக் கீழே இறங்கினால் உரத்தை நிறுத்திவிட்டு விடியற்காலைத் தண்ணீரைக் கவனியுங்கள்.

அடுத்த மாத வலையில் ஒவ்வோர் இனத்திலும் 15, 20 மீனாவது தனித்தனியாக எடை போடுங்கள். நாலையும் ஒன்றாகக் கூடையில் போட்டுச் சராசரி எடுத்தால் எதுவும் தெரியாது. கட்லா ஒரு மாதத்தில் 80 கிராமாவது ஏறியிருந்தால் வழி சரி. கட்லா ஏறி மிர்கால் நின்றால் சாணத்தைக் கூட்டுங்கள், ரோகு நின்றால் மூங்கில் கிளையையும் நடு ஆழத்துச் சாக்கையும் பாருங்கள். எடைகளை இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.